திரும்பாத முக்கு

பொள்ளாச்சி உடுமலை ரோட்டு ஷோரூமில், வண்டி கனவு காணும் என்பதை இப்போது யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. சார்ஜில் கிடக்கும் நேரத்தில் வண்டி அன்றைக்கு ஓடிய ரோட்டையெல்லாம் தனக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கிறது. ஓடாத ரோட்டையும் ஓட்டிப் பார்க்கிறது. அப்படிப் பார்த்து வைத்தால்தான் மறுநாள் குறுக்கே மாடு வந்தாலும், தேங்காய் லாரி இண்டிகேட்டர் போடாமல் திரும்பினாலும் அது தடுமாறாது. கம்பெனிக்காரர்கள் இதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் கனவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதைச் சுவரில் போட்டுக் காட்டலாம் என்பது மேனேஜருடைய யோசனை. முன்பெல்லாம் சர்வீஸுக்கு விட்டவர்கள் காத்திருக்கும் அறையில் பழைய வாரப்பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு, "இன்னும் வாட்டர் வாஷே ஆகலீங்களா?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுச் சலித்துக் கிடப்பார்கள். இப்போது குடும்பத்தோடு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வருகிறார்கள். சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் மூன்று நிமிஷம் விளக்கை அணைத்து, அவரவர் வண்டி கண்ட கனவை அவரவருக்குக் காட்டுவார்கள். புது வண்டி எடுக்க வருகிறவர்கள்கூட, எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்துவிட்டு, "இது எப்பங்க கனவு காண ஆரம்பிக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

ஆறு மாதக் கனவிலிருந்து அந்த மூன்று நிமிஷத்தைப் பொறுக்கி எடுப்பது பவதாரிணியின் வேலை. வீல் அலைன்மென்ட் நடக்கும் இடத்தை ஒட்டி அவளுக்கு ஒரு கண்ணாடி அறை. காலை ஒன்பதுக்கு வந்தால் மாலை ஆறரைக்கு வீட்டுக்குக் கிளம்பும்வரை அங்கேதான். துண்டு துண்டாகப் பிரிப்பாள், எண் போடுவாள், ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகும், இதைவிட நல்ல துண்டு ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்று உள்ளே நமநமவென்று இருக்கும்.

கனவுக்குள் வெயில் உண்டு, சூரியன் கிடையாது. ஒரே புளியமரம் நூறு தடவை வரும். எதிரே வரும் லாரிகளில் ஆள் இருக்காது. மழை பெய்யும், கண்ணாடி நனையாது. கொண்டை ஊசி வளைவுகளில் பன்னிரண்டுக்கு அடுத்து ஏழு என்று எழுதியிருக்கும். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தால் தனக்கும் தரையில் கால் பாவாத மாதிரி இருக்கும் அவளுக்கு. மாலையில் பஸ்ஸில் போகும்போது, எதிரே வரும் லாரிக்குள் டிரைவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பாள்.

வண்டி எதைக் கனவு காண்கிறது என்பது போன மாதம்தான் அவளுக்குப் புரிந்தது. மளிகைக்கடைக்காரர் ஒருவருடைய வண்டி, கனவு முழுக்க ஒரே பேக்கரி வாசலில் நின்றது.

"சக்கரை முந்நூறு இருக்குதுன்னு டாக்டர் சொல்லியும் தினம் போறீங்களா நீங்க?" என்று அவர் மனைவி காத்திருக்கும் அறையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அடியே, சத்தியமா உள்ள போகலீடி! ஸ்லோ பண்ணிப் பாப்பேன். அவ்வளவுதான்."

"பாக்கறதுக்கே இந்த வயிறா?"

அவர்கள் போன பிறகு ஜமால் அண்ணன் சிரித்துச் சிரித்து ஸ்பேனரைக் கீழே போட்டார். வண்டியின் மூளையைத் திறந்து பார்க்கும் வேலை அவருடையது.

"அந்தாளு சொன்னது நெசந்தான் பவா. உள்ள போயிருந்தா கனவுல வந்திருக்காது."

"அதெப்படிண்ணா?"

"போன ரோடு வண்டிக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சதை எதுக்குக் கனவு காணும்? நம்ம காலு ஒரு எடத்துல ஆக்ஸிலேட்டர்ல இருந்து தூக்குது. திரும்பப் போறோம்னு வண்டி ரெடியாவுது. நாம திரும்ப மாட்டேங்கறோம். அது அதுக்குப் பாக்கி நின்னுபோவுது. திரும்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு ராத்திரி உக்காந்து ஓட்டிப் பாக்குது."

"அப்ப நாம போகாத எடந்தான் அதோட கனவா?"

"போகோணும்னு நெனச்சுப் போகாத எடம். நெனக்காத எடம் வராது."

அன்றிலிருந்து அவளுக்குத் துண்டு பொறுக்குவது முன்போல் எளிதாக இல்லை.

புதன்கிழமை காலை, வெள்ளை வண்டி ஒன்று முப்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு வந்தது. உரிமையாளர் சென்னியப்பன், தேங்காய் வியாபாரம். வண்டியை விட வந்தவர் அவர் மனைவி கனகமணி. ஆழியாறு பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சர். விட்டுவிட்டு அவசரமாகப் பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்குக் கனவு பார்க்கத் தான் வருவதாக சென்னியப்பன் போனில் சொல்லியிருந்தார்.

பவதாரிணி துண்டுகளைப் பிரித்துப் போட்டாள். இருநூற்றுப் பதினாறு. அதில் நூற்றெண்பதுக்கு மேல் ஒரே கனவு.

ஆழியாறு தாண்டி ரோடு பிரியும் முக்கு. இடது பக்கம் தோப்புகளும் பள்ளிக்கூடமும். நேரே வால்பாறை மலை. நிஜத்தில் வண்டி எப்போதும் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. கனவில் நேரே போனது. மெல்ல ஏறியது. வளைவுக்கு வளைவு கீழே அணைத் தண்ணீர் சின்னதாகிக்கொண்டே வந்து ஒரு தட்டில் ஊற்றிய பால்போல ஆயிற்று. தேயிலைச் செடிகள் தாமாக ஒதுங்கி வழிவிட்டன. மஞ்சுக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து, கடைசியில் ஒரு எஸ்டேட்டின் பெயர்ப்பலகை. அதைத் தாண்டி வரிசையாக லைன் வீடுகள். ஐந்தாவது வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான் வண்டிக்குத் தெரியும்.

இவ்வளவு அழகான கனவை அவள் பார்த்ததே இல்லை. மூன்று நிமிஷமும் இதையே போடலாம் என்று முடிவு செய்தாள். எந்தத் துண்டை எடுப்பது என்றுதான் குழப்பம்.

மதியம் ஒரு மணிக்குக் கண்ணாடிக் கதவு தட்டப்பட்டது. கனகமணி டீச்சர். சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மிணி, இங்க வண்டி கனவு காட்டறாங்களாமே. இப்பத்தான் ஸ்கூல்ல சொன்னாங்க. எனக்குத் தெரியாது. எங்க வண்டியில... மலை வருதா?"

திரையில் பெயர்ப்பலகை நின்றபடியே இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தடவ வண்டிகிட்ட வழி கேட்டேன். உடனே வேண்டாம்னு அமுத்திட்டேன். ஞாபகம் வெச்சிருக்குது பாரு, பாவி வண்டி."

"யாரு வீடுங்க டீச்சர்?"

"எம்பட பொண்ணு. சுபி." குரல் தாழ்ந்தது. "அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டா. வேற ஆளுங்க. ரெண்டு வருசமாச்சு. இவரு கெணத்தடியில போய்த் தலை முழுகிட்டு வந்து, எனக்குப் பொண்ணே இல்லைன்னாரு. அதோட விட்டாக்கூடப் பரவால்ல. மொத மாசம் சொந்தக்காரப் பசங்களக் கூட்டிக்கிட்டு ரெண்டு வண்டியில ஊர் ஊராத் தேடினாங்க அம்மிணி. எதுக்குத் தேடினாங்கன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

வேண்டியதில்லைதான். அவளும் இந்த ஊர்தானே.

"எனக்கு ஒருத்தி மூலமா எடம் தெரிஞ்சுது. ஆனாப் போகலை. போனா என் பின்னாலயே யாராச்சும் வந்துட்டா? முக்கு வரைக்கும் போவேன். காலு தானா எடுத்துரும். அப்பறம் திரும்பிருவேன். அவரு இதப் பாக்கக் கூடாது. அழிச்சிரு கண்ணு."

"வண்டியில இருந்தே அழிக்கோணும்னா கையெழுத்து வேணுங்க டீச்சர். இப்போதைக்குத் திரையில வராமப் பண்ணிர்றேன்."

"அது போதும். நாலரைக்கு வந்தர்றேன்."

மலைக்கனவு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்ததிலிருந்து மூன்று நிமிஷத்தை ஒப்பேற்றினாள் பவதாரிணி. மூன்று தரம் சரிபார்த்தாள். ஒரு வளைவுகூட, ஒரு தேயிலைச் செடிகூட இல்லை.

சென்னியப்பன் நாலு மணிக்குச் சரியாக வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு. தனியாகத்தான் வந்திருந்தார். காபியை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். விளக்கு அணைந்தது. சுவரில் சந்தை வந்தது, ரயில்வே கேட் வந்தது, திறக்காத ஒரு தோப்புக் கதவு வந்தது. அவர் முன்னால் சாய்ந்து, ஏதோ பஸ்ஸை எதிர்பார்க்கிறவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது.

"அவ்வளவுதானா அம்மிணி?"

"அவ்வளவுதானுங்க சார்."

"ஆழியாறு முக்கு வரலியே."

"எல்லாமே வராதுங்க சார். நல்லாருக்கறதா ஒரு மூணு நிமிசம்..."

"ஆர்.சி. எம்பட பேர்ல இருக்குது. கேட்டா முழுசும் காட்டோணும்னு வெளிய போர்டு வெச்சிருக்கீங்க. படிச்சேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் உக்காந்திருக்கறேன். நீ மொள்ளப் போடு."

முழுசையும் ஏற்ற அரைமணி ஆகும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவள் ஜமால் அண்ணனிடம் ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தம்மா காலு எடுத்ததுன்னு அந்தம்மா சொல்லுது. சரி. இந்தாளுக்கு முக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஜமால். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியின் பதிவைத் திறந்தார். "கனவுல யாரு ஓட்டறாங்கன்னு தெரியாது. கண்ணாடிக்கு முன்னால இருக்கறதுதான் தெரியும். சீட்டப் பாப்போம்."

"சீட்டா?"

"டீச்சரு குள்ளம். சீட்ட முன்னால தள்ளித்தான் ஓட்டுவாங்க. இந்தாளு ஆறடி."

பதிவுகள் வரிசையாக இறங்கின. திங்கள், சீட்டு முன்னால், முக்கில் வேகம் குறைந்தது. செவ்வாய், முன்னால், குறைந்தது. புதன், வியாழன், வெள்ளி, அப்படியே. ஞாயிறு.

ஞாயிறு, சீட்டு பின்னால்.

வேகம் குறையவில்லை. நின்றிருந்தது. ஒரு மணி நேரம் நின்றிருந்தது. அடுத்த ஞாயிறு, பின்னால், இரண்டு மணி நேரம். ஜன்னல் இறக்கியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு மூன்று மணி நேரம். ஐந்து மாதமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் இடது பக்கம் திரும்பி, தோப்புக்குப் போயிருந்தது.

பவதாரிணி அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் டீச்சருடைய கனவு என்று நினைத்துப் பார்த்துப் பார்த்து வியந்தது இரண்டு பேருடைய கனவு. முக்கில் தயங்குகிற கால்கள் இரண்டு பேருடையவை. வீட்டுக்கு வழி கேட்டது டீச்சர். வழி தெரியாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது சென்னியப்பன். இரண்டையும் வண்டி ஒன்றாகத் தைத்து வைத்திருந்தது.

"பாவம்ணா அவரு. பொண்ணு நெனப்புல நிக்கறாரு. போட்டுக் காட்டிரட்டுமா?"

ஜமால் பதிவை இன்னொரு தரம் மேலே தள்ளிப் பார்த்தார். "மேல ஒருத்தன் இருக்கான்னு யாரோ சொல்லி, எறங்கி வந்தா வெட்டலாம்னு காத்துக்கிட்டு நிக்கறவனும் அங்கதான் நிப்பான் பவா. அவனும் ஜன்னல எறக்கித்தான் வெச்சிருப்பான்."

"அப்ப எதுன்னு வண்டிக்குத் தெரியாதா?"

"காலு தூக்குச்சுன்னு தெரியும். எதுக்குத் தூக்குச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவளுக்கும் தெரியவில்லை. காட்டினால் ஒரு பெண்ணின் வாசல் தெரிந்துவிடும். காட்டாவிட்டால் ஒரு மனிதன் ஆயுசு பூராவும் முக்கிலேயே நிற்பார். எதைச் செய்தாலும் தப்பாகப் போகும்போல இருந்தது. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது. இதை முடிவு செய்கிற உரிமை தனக்கு இல்லை.

நாலரைக்கு டீச்சர் வந்தார். பவதாரிணி அவரைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போய், கனவைக் காட்டாமல், ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் காட்டினாள். டீச்சர் மாணவியின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"இந்த ஞாயித்துக்கெழம மழ கொட்டுச்சு. தோப்புல மோட்டார் ரிப்பேருன்னு ஈரத்தோட வந்தாரு." விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. "ஜன்னல் எறக்கியே இருந்துச்சா?"

"ஆமாங்க."

"கூட யாராச்சும்?"

ஜமால் அண்ணன் பார்த்தார். "பக்கத்து சீட்டுல, பின்சீட்டுல வெயிட்டே இல்லீங்க. எல்லா வாரமும் தனியாத்தான்."

டீச்சர் எழுந்து நேராகக் காத்திருக்கும் அறைக்குப் போனார். பவதாரிணி பின்னாலேயே போய்க் கதவருகே நின்றாள். போகலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் போயிருந்தாள்.

சென்னியப்பன் நிமிர்ந்தார். "நீ எங்க இங்க?"

"ஞாயித்துக்கெழம முக்குல என்ன பண்றீங்க?"

அவர் ஆறிப்போன காபியைப் பார்த்தார். "அங்க ஒருத்தன் மாங்கா விக்கறான்."

"ஒரு நாளாச்சும் மாங்கா வாங்கிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"சுபி மேலதான் இருக்கறாள்னு யாரு சொன்னா?"

"பஸ் கண்டக்டர். பாத்த மாதிரி இருந்துச்சுன்னான். மலையில எங்கன்னு தெரியல." சுவரைக் காட்டினார். "எங்கன்னு உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சோத்தப் போட்டுக்கிட்டே நீ சிரிச்சே ஒரு நாளு. அன்னிக்கே தெரிஞ்சுது. நீ சொல்ல மாட்டே. வண்டியாச்சும் சொல்லும்னு வந்தேன்."

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக்கூட்டை எடுத்து, திறந்து, அப்படியே மூடி வைத்தார். "தெரியல கனகு. அதுதான் நிக்கறேன். தெரிஞ்சா திரும்பியிருப்பேனில்ல?"

டீச்சர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு பவதாரிணியிடம் திரும்பினார்.

"அழிக்கறதுக்கு யாரு கையெழுத்து வேணும் அம்மிணி?"

"ஆர்.சி. யாரு பேர்ல இருக்குதோ அவங்களுதுங்க."

"போடுங்க" என்றார் கணவரிடம்.

"அத அழிச்சுட்டா எனக்கு..."

"எடம் எம்பட மண்டையில இருக்குது. அது போதும். போடுங்க."

சென்னியப்பன் பேனாவை வாங்கினார். பெயரை எழுதும்போது முதலெழுத்தில் நின்று, மறுபடி தொடங்கி, முழுதும் எழுதினார். நூற்றெண்பத்துச் சொச்சம் கனவுகள், அணைத் தண்ணீரும் மஞ்சும் திறந்த கதவுமாக, ஒரு பொத்தானில் போயின. டீச்சர் சாவிக்குக் கை நீட்டினார். சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டார். சென்னியப்பன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி வெளியே போயிற்று, எந்தப் பக்கம் திரும்பியது என்பதை ஒரு தண்ணி லாரி மறைத்துக்கொண்டது.

வியாழனும் வெள்ளியும் அவள் யாருடைய கனவையும் ஒழுங்காகப் பிரிக்கவில்லை. செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை, வால்பாறை என்ற சொல் எங்கும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே படித்தாள். இருக்கவில்லை.

சர்வீஸ் முடிந்த மூன்றாம் நாள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு எழுத வேண்டும். சனிக்கிழமை பதினொரு மணிவரை அந்த ஒரு எண்ணை மட்டும் தள்ளிப் போட்டாள். பிறகு அழுத்தினாள். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"சார், ஷோரூம்ல இருந்து பவதாரிணிங்க. வண்டி நல்லா ஓடுதுங்களா?"

"வண்டி இங்க இல்ல அம்மிணி. டீச்சரு எடுத்துட்டுப் போயிருக்கா." காற்று இரைந்தது. பின்னால் எங்கோ தண்ணீர் சத்தம்.

"நீங்க எங்கிருக்கீங்க சார்?"

"முக்குல. பாலத்துக் கட்டை மேல உக்காந்திருக்கேன். இங்க எறக்கி உட்டுட்டா. மொதல்ல நான் போய்ப் பாத்துட்டு வர்றேன், சுபி வரச்சொன்னா வந்து கூட்டிக்கறேன், இல்லீன்னா இப்படியே ஊட்டுக்குப் போலாம்னுட்டா."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"சரின்னேன். அவ எடத்துல நான் இருந்தாலும் என்னைய நம்ப மாட்டேன்."

"எத்தன மணிக்குங்க போனாங்க?"

"ஏழே கால்."

பவதாரிணி முன்னால் இருந்த படிவத்தைப் பார்த்தாள். பத்துக் கட்டங்கள் காலியாக இருந்தன. "மார்க் கேக்கோணுங்க சார். பத்துக்கு."

"அவ எறங்கி வரட்டும் அம்மிணி. அப்பறம் சொல்றேன்."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. காற்றுக்கு நடுவில், மலைமேலிருந்து ஒரு வண்டி வளைவு வளைவாக இறங்கி வரும் சத்தம் கேட்டது. அது நெருங்க நெருங்க அவர் எழுந்து நிற்பது தெரிந்தது. செருப்பு சரளையில் தேய்ந்தது.

"வந்துட்டாங்களா சார்?"

ஹாரன் ஒன்று அடித்து, அவரைத் தாண்டிப் போயிற்று.

"இல்ல அம்மிணி. பஸ்ஸு" என்றார். செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது, அவர் உட்கார்ந்தார்.